ஈஸ்ட்டில் நிரப்புச் சோதனை, விலங்கில் நடத்தை விளக்கம்: இரண்டிலும் ‘காரணம்’ என்பது ஒரே பொருளில்தானா?

செந்திட்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் உயிரியலில் முதுகலை முதலாண்டு பயில்கிறேன். இந்தப் பருவத்தில் நுண்ணுயிர் மரபியலும் விலங்கு நடத்தையியலும் எங்களுக்கு ஒருசேர நடத்தப்படுகின்றன. ஒன்றில் சரியென்று ஏற்கப்பட்ட ஒரு வாக்கியம் மற்றொன்றில் போதாது என்று திருப்பப்பட்டதால் எழுந்த குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மரபியல் செய்முறையில், டி.என்.ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான அடினினைத் தாமே தயாரிக்க இயலாத இரண்டு ஈஸ்ட் வகைகளை எங்களுக்குக் கொடுத்தார்கள். ஒன்று ‘ஏ’ பாலின வகை, மற்றது ‘ஆல்ஃபா’ பாலின வகை. இரண்டும் தட்டில் சிவப்புத் திட்டுகளாகவே வளர்ந்தன. இரண்டையும் கலந்தபோது கிடைத்த, இரண்டின் மரபணுக்களையும் சுமக்கும் இரட்டைமயச் செல்கள் இயல்பான வெளிர்நிறத்தில் வளர்ந்ததால், பழுது இரண்டு வெவ்வேறு மரபணுக்களில் இருக்கிறது என்றும், ஒன்றில் இல்லாததை மற்றது நிரப்பிவிட்டது என்றும் முடிவுக்கு வந்தோம். அடுத்த வாரம் ஏடிஇ2 மரபணுவின் நல்ல படியைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை (சிறு வட்ட டி.என்.ஏவை) அந்த இரண்டில் ஒன்றுக்குள் செலுத்தினோம், சிவப்பு மறைந்தது. ‘ஏடிஇ2 மரபணுவில் உள்ள பழுதே இதற்குக் காரணம்’ என்று எழுதினேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்.

நடத்தையியல் கருத்தரங்கிற்காக, பழ ஈயின் ‘ஃபொரேஜிங்’ மரபணுவைப் பற்றி எழுதினேன். இந்த ஈயின் இளம்புழுக்களில் சில, உணவுப் பரப்பின்மேல் நெடுந்தூரம் அலைந்து உண்கின்றன. வேறு சில, இருந்த இடத்தை அதிகம் விட்டு நகராமல் உண்கின்றன. முன்னவை ‘ரோவர்’, பின்னவை ‘சிட்டர்’. 1997இல், சிட்டர் புழுக்களுக்குள் இந்த மரபணுவின் கூடுதல் படியைச் செலுத்தி இயங்கச் செய்தபோது அவை ரோவர்களைப் போல அலையத் தொடங்கின. ஈஸ்ட்டில் செய்த வாதத்தையே இங்கும் செய்து, ‘புழு அலைந்து உண்பதற்கு ஃபொரேஜிங் மரபணுவே காரணம்’ என்று முடித்தேன். ஆசிரியர் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் ‘எந்தக் கேள்விக்கான காரணம்?’ என்று மட்டும் குறித்துத் தாளைத் திருப்பித் தந்தார்.

சோதனையின் தருக்கம் ஒன்றே அல்லவா? மரபணு பழுதானால் பண்பு மாறுகிறது, மரபணுவைத் தந்தால் பண்பு திரும்புகிறது. ஈஸ்ட்டின் நிறத்துக்கு இது விளக்கம் என்றால் புழுவின் நடத்தைக்கு ஏன் விளக்கமாகாது? நடத்தை சிக்கலானது என்ற பொதுப்பதிலைத் தவிர்த்து, தருக்கத்தில் எந்த இடத்தில் வேறுபாடு வருகிறது என்று யாரேனும் காட்டினால் நன்றியுடையவனாவேன்.

ஈஸ்ட்கூடம் (மறுமொழி)

நல்ல கேள்வி. ஆனால் நான் நடத்தைப் பக்கத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. உங்கள் ஈஸ்ட் வாக்கியமே நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகச் சொல்வது. அதை முதலில் உணர்ந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நீங்கள் செய்தவை இரண்டு சோதனைகள். முதலாவது, சடுதிமாற்றம் பெற்ற இரண்டு வகைகளைக் கலந்து, இரண்டின் பழுதும் ஒரே மரபணுவிலா வெவ்வேறு மரபணுக்களிலா என்று கேட்பது. சைமர் பென்சர் 1950களில் டி4 பாக்டீரியா வைரஸில் செய்த சிஸ்-டிரான்ஸ் சோதனையின் தருக்கமே இது. இரண்டாவது, இயல்பான மரபணுவைச் செலுத்திப் பழுதை மீட்பது. இரண்டையும் நாம் நிரப்புதல் என்றே அழைக்கிறோம். ஆனால் முதலாவது பழுதுகளை இனம்பிரிக்கிறது, இரண்டாவது ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ துண்டு அந்தப் பழுதை ஈடுகட்டப் போதுமானதா என்று மட்டுமே கேட்கிறது.

இனி அந்தச் சிவப்பைப் பாருங்கள். அடினினைத் தயாரிக்கும் வழித்தடத்தில் ஏடிஇ2 தரும் நொதி இல்லாதபோது, அதற்கு முந்தைய இடைப்பொருள் செல்லில் தேங்கி, ஆக்சிஜனேற்றம் பெற்று, சிவப்பு நிறமியாக நுண்குமிழிப் பைக்குள் சேர்கிறது. ஏடிஇ1 அதற்கு அடுத்த படி என்பதால் அந்தப் பழுதும் அதே நிறத்தைத் தருகிறது. அப்படியானால் ஏடிஇ2 சிவப்பு நிறத்துக்கான மரபணுவா? நிச்சயமாக இல்லை. நிறமியைச் செய்வது அந்த மரபணு அன்று. அது இல்லாத நிலையில் வழித்தடத்தின் மற்ற பகுதிகள் தொடர்ந்து இயங்குவதன் விளைவே நிறம். அதே வழித்தடத்தில் ஏடிஇ2க்கு முந்தைய படி ஒன்றையும் சேர்த்துப் பழுதாக்கினால், தேங்குவதற்குப் பொருள் இல்லாமல் போய், செல் அடினினின்றி அவதிப்பட்டாலும் வெள்ளையாகவே இருக்கும். வளர்ப்பு ஊடகத்தில் அடினினைத் தாராளமாக இட்டாலும் சிவப்பு தோன்றாது. சுவாசிக்கும் திறனை இழந்த சிறுதிட்டு வகைகளிலும் ஏடிஇ2 பழுது வெளிறியே தெரியும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து நிரப்பப்பட்டது என்று முடிவு செய்துவிடாமல், அடினின் இல்லாத ஊடகத்தில் வளர்கிறதா என்றும் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சோதனைக்கென்றே சில நிபந்தனைகள் உண்டு. பழுது ஒடுங்கு பண்பாக, அதாவது நல்ல படி ஒன்று உடனிருந்தால் மறைவதாக, இருக்க வேண்டும். ஓங்கு பண்பாக இருந்தால் கலப்புச் செல்லில் எதுவும் திரும்பாது, அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அது பொருந்தினாலும் விதிவிலக்குகள் இருக்கின்றன. எச்ஐஎஸ்4 என்ற ஒரே மரபணு தரும் புரதம், ஹிஸ்டிடின் தயாரிப்பில் மூன்று படிகளைச் செய்கிறது. அதன் ஒரு பகுதியில் பழுதுள்ள செல்லும் வேறொரு பகுதியில் பழுதுள்ள செல்லும் இணைந்தால் ஒன்றையொன்று நிரப்பிவிடக்கூடும், மரபணு ஒன்றே என்றபோதிலும். நேர்மாறாக, ஆல்ஃபா டியூபுலின், பீட்டா டியூபுலின் ஆகியவை வெவ்வேறு மரபணுக்களிலிருந்து வருபவை. ஆயினும் இவற்றின் சில பழுதுகள் ஒன்றையொன்று நிரப்ப மறுக்கின்றன, ஏனெனில் அவ்விரண்டு புரதங்களும் ஒரே கட்டமைப்பில் பிணைந்து வேலை செய்பவை.

பிளாஸ்மிட் மீட்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு செல்லுக்கு ஓரிரு படிகள் மட்டுமே இருக்கும் பிளாஸ்மிட்டில் செலுத்தினீர்களா, பல பத்துப் படிகள் தங்கும் பிளாஸ்மிட்டிலா? பின்னதில், பழுதான மரபணுவுக்குத் தொடர்பற்ற வேறொன்றுகூட மிகுதியாக உற்பத்தியாகிப் பழுதை மறைத்துவிடும். மீண்டது என்ற ஒரே காரணத்தால், செலுத்தியதும் இழந்ததும் ஒன்றே என்று ஆகிவிடாது.

ஆகவே உங்கள் ஈஸ்ட் வாக்கியம் உண்மையில் சொல்வது இவ்வளவே: இந்தச் சூழலில், இந்த மரபுப் பின்னணியில், இந்த இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள நிற வேறுபாடு ஏடிஇ2 மரபணுவிலுள்ள வேறுபாட்டால் வந்தது. ஒரு வேறுபாட்டின் காரணமும் ஒரு பண்பின் காரணமும் ஒன்றல்ல. ஈஸ்ட்டில் வழித்தடம் முழுவதும் முன்பே தெரிந்திருப்பதால் இந்த இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை.

தேனடை (மறுமொழி)

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். உங்கள் ஆசிரியர் எழுதிய ‘எந்தக் கேள்விக்கான’ என்ற குறிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

விலங்கு நடத்தையியலார் நிக்கோ டின்பெர்கன் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், ‘இந்த விலங்கு ஏன் இப்படி நடந்துகொள்கிறது’ என்ற ஒரே வினாவுக்குள் நான்கு வெவ்வேறு வினாக்கள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். அந்நடத்தையை இப்போது உடலுக்குள் எது இயக்குகிறது என்பது ஒன்று. அந்த உயிரியின் வாழ்நாளில் அது எவ்வாறு உருவாகி வளர்ந்தது என்பது இன்னொன்று. அதனால் உயிர்வாழ்வுக்கும் இனப்பெருக்கத்துக்கும் என்ன பயன் என்பது மூன்றாவது. மூதாதையரிடமிருந்து அது எந்த வழியில் பரிணமித்து வந்தது என்பது நான்காவது. ஒன்றுக்கான விடை மற்றொன்றுக்குப் போட்டியாகாது, பதிலாகவும் ஆகாது. பத்தாண்டுகள் கழித்து 1973இல் கோன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உங்கள் எடுத்துக்காட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம், ஏனெனில் ஃபொரேஜிங் மரபணு நான்கு வினாக்களையும் தொட்டிருக்கிறது. அது குறியிடும் புரதம், சுழல் ஜிஎம்பி என்ற செய்திமூலக்கூறால் தூண்டப்படும் ஒரு கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும்) நொதி. ரோவர்களில் அதன் செயல்பாடு சிட்டர்களைவிடச் சற்றே கூடுதல். நீங்கள் மேற்கோள் காட்டிய செலுத்துச் சோதனை இந்த முதல் வினாவுக்கு, அதுவும் அதன் ஒரு பகுதிக்கு, விடை சொல்கிறது. ஆனால் ரோவர் புழுவை உணவே இல்லாத பரப்பில் விட்டால் அதற்கும் சிட்டருக்கும் நடையில் வேறுபாடு தெரிவதில்லை. போதிய உணவின்றி வளர்க்கப்பட்ட ரோவர்கள் சிட்டர்களைப் போல நடந்துகொள்கின்றன. மரபணு மாறவில்லை, வளர்ந்த நிலை மாறியது. மூன்றாவது வினாவைப் பொறுத்தவரை, ஈக்களைப் பல தலைமுறைகள் நெருக்கடியாக வளர்த்தால் ரோவர் வகை மேலோங்குகிறது, இடம் தாராளமாக இருந்தால் சிட்டர் வகை மேலோங்குகிறது என்று மார்லா சொகொலோவ்ஸ்கி குழுவினர் அதே 1997இல் காட்டினர். இந்த விடையைப் பெற மரபணுவைச் செலுத்திப் பார்ப்பதால் பயனில்லை. தலைமுறைகளை எண்ண வேண்டும். நான்காவதற்கு, தேனீக்களில் இதே மரபணுவின் இணைமரபணு, கூட்டுக்குள் பணிபுரியும் இளம் தேனீக்களைவிட வெளியே இரை தேடச் செல்லும் தேனீக்களில் மிகுதியாக இயங்குகிறது என்ற 2002ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு ஒரு தொடக்கம். ஈயில் இரண்டு தனியுயிர்களுக்கு இடையே வேறுபாட்டைத் தரும் மரபணு, தேனீயில் ஒரே உயிரியின் வாழ்நாளுக்குள் வேறுபாட்டைத் தருகிறது.

தேனீக்களே என் துறை என்பதால், நிரப்புச் சோதனையின் தருக்கத்துக்கு மிக நெருக்கமாக வரும் ஒரு பழைய ஆய்வைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். வால்டர் ரோத்தன்பூலர் 1964இல் வெளியிட்டது அது. அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரிய நோயால் அடையறைக்குள் இறந்துபோன இளம்புழுக்களை, சில தேனீக் கூட்டங்கள் மெழுகு மூடியைத் திறந்து வெளியே இழுத்து எறிந்துவிடுகின்றன. வேறு சில கூட்டங்கள் அப்படியே விட்டுவிடுகின்றன. இரண்டு வகைகளையும் கலந்தபோது பிறந்த கூட்டங்கள் எதுவும் துப்புரவு செய்யவில்லை; எனவே துப்புரவு ஒடுங்கு பண்பு. பிறகு அவர் பிற்கலப்பு செய்தார், அதாவது கலப்பினத்தைப் பெற்றோர் வகையோடு மீண்டும் கலந்தார். துப்புரவு வகை இராணிகளுக்கு, கலப்பின இராணியிடம் பிறந்த ஆண் தேனீக்களின் விந்தை, ஓர் இராணிக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் செலுத்தினார். ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் ஒற்றைமயம், அதாவது ஒவ்வொரு மரபணுவிலும் ஒரே படி உடையது. அதன் விந்தணுக்கள் யாவும் ஒரே மரபமைப்பு உடையவை. உங்கள் ஒற்றைமய ஈஸ்ட் செல்லில் ஒடுங்கு பண்பு மறைய இடமில்லாதது உங்களுக்கு எவ்வளவு வசதியோ, இந்த ஒற்றைமய ஆண் அவருக்கு அவ்வளவு வசதி.

கிடைத்த 29 கூட்டங்களில் 6 கூட்டங்கள் மூடியைத் திறந்து புழுவையும் அகற்றின. 9 கூட்டங்கள் திறந்ததோடு நின்றன. எஞ்சிய 14 எதையும் செய்யவில்லை. அவர் அந்தப் பதினான்கின் மூடிகளைத் தம் கையால் திறந்துவைத்தபோது, அவற்றில் 6 கூட்டங்கள் புழுவை அகற்றின, 8 அப்போதும் வாளாவிருந்தன. நான்கு வகையும் ஏறத்தாழச் சமம். இரண்டு மரபணுக்கள் தனித்தனியே பிரிந்து வந்தால் எதிர்பார்க்கப்படுவது இதுவே. மூடியைக் கையால் திறந்துவிட்ட அந்தச் செயலை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். ஒரு படி தடைப்பட்டதால் அடுத்த படி இருப்பதே தெரியாமல் போகும் என்று உணர்ந்து, தடைப்பட்ட படியின் விளைபொருளை வெளியிலிருந்து கொடுத்திருக்கிறார்; வழித்தடத்தின் நடுவே இடைப்பொருளைச் சேர்த்து, செல் அதன்பின் முன்னேறுகிறதா என்று பார்ப்பது இதுவேயன்றி வேறில்லை.

இதிலிருந்து ‘திறக்கும் மரபணு’, ‘அகற்றும் மரபணு’ என்ற பெயர்கள் பாடநூல்களுக்குள் நுழைந்தன. பின்னாளில் மூலக்கூற்று அடையாளங்களைக் கொண்டு செய்த மரபு வரைபட ஆய்வு, 2002இல், இரண்டுக்குப் பதிலாக ஏழு இடங்கள் வரை சுட்டியது. நோயுற்ற இளம்புழுவின் மணத்தை உணரும் கூர்மையில் துப்புரவு வகைத் தேனீக்கள் மேம்பட்டவை என்றும் காட்டப்பட்டது. மிகக் குறைந்த மணத்துக்கே ஒரு தேனீ திறக்கத் தொடங்குகிறது, மற்றொன்று மணம் மிகுந்தால்தான் தொடங்குகிறது என்றால், ‘திறக்கும் மரபணு’ என்ற பெயர் ஏடிஇ2ஐச் சிவப்பு மரபணு என்று அழைப்பதற்கு நிகரானதாகிவிடும். மூடியைத் திறக்கும் தாடையசைவு எல்லாத் தேனீக்களிடமும் இருக்கிறது. வேறுபட்டது அதைத் தொடங்கத் தேவையான மணத்தின் அளவு.

செந்திட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. வேறுபாட்டின் காரணம், பண்பின் காரணம் என்ற பிரிவு தெளிவாகிவிட்டது. ஆனால் ஓர் ஐயம் எஞ்சுகிறது. நிரப்புச் சோதனை டின்பெர்கனின் முதல் வினாவுக்குள் மட்டுமே அடங்கும் என்று தேனடை அவர்கள் கருதுகிறார்களா? மனித மரபணு ஒன்று ஈஸ்ட்டின் பழுதை மீட்டதாக வகுப்பில் படித்தோம். அது செல் இயங்கும் விதத்தைப் பற்றி மட்டும் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை.

வட்டப்புழு (மறுமொழி)

உங்கள் ஐயம் சரியானது, இதில் நான் தேனடை அவர்களிடமிருந்து சற்று விலகுகிறேன். ஓர் இனத்துக்குள் செய்யும் நிரப்புச் சோதனை இயங்குமுறையைப் பற்றியது. இனம்விட்டு இனம் செய்யும் நிரப்புச் சோதனை, நான்காவது வினாவான பரிணாம வரலாற்றைத் தொடுகிறது.

நீங்கள் படித்தது மெலனி லீ, பால் நர்ஸ் ஆகியோரின் 1987ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கலாம். பிளவு ஈஸ்ட்டில் செல் பிரிதலைத் தொடங்கி வைக்கும் சிடிசி2 மரபணு, வெப்பநிலை உயர்ந்தால் செயலிழக்கும்படி பழுதாகியிருந்த வகைக்குள், மனித டி.என்.ஏ படிகளின் தொகுப்பு ஒன்றைச் செலுத்தி, எந்தச் செல் மீண்டும் பிரிகிறது என்று தேடினார்கள். ஒரு மனித மரபணு அந்த வேலையைச் செய்தது. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள் பிரிந்து வந்த இரண்டு கால்வழிகளில் ஒன்றின் உறுப்பை மற்றதில் பொருத்தியும் அது இயங்கியது. 2015இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஈஸ்ட்டின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத 414 மரபணுக்களை அவற்றின் மனித இணைகளைக் கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதி வெற்றி பெற்றன. எவை வெற்றி பெற்றன என்பதைத் தீர்மானித்ததில், மரபணுக்களின் எழுத்துவரிசை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைவிட எந்த வழித்தடத்தைச் சேர்ந்தது என்பதற்குப் பங்கு அதிகம். ஒரு வழித்தடத்தின் உறுப்புகள் சேர்ந்தே மாற்றத்தக்கவையாகவோ சேர்ந்தே மாற்ற இயலாதவையாகவோ இருந்தன. வரலாற்றைப் பற்றி இது நிறையவே சொல்கிறது.

எனினும் நடத்தைக்கு வரும்போது இந்த வலிமையே ஆபத்தாகிவிடுகிறது, ஏனெனில் மரபணு பழையது என்பதிலிருந்து நடத்தை பழையது என்று நழுவுவது எளிது. ஈஸ்ட் தன் துணைச் செல்லின் பெரோமோனை (அது வெளியிடும் அழைப்பு வேதிப்பொருளை) உணரும் ஏற்பியும், பாலூட்டிகளின் மூளையில் வாசோபிரசின் என்ற ஹார்மோனை உணரும் ஏற்பியும், செல்சவ்வை ஏழு முறை ஊடுருவும் ஒரே பெருங்குடும்பத்தின் வடிவமைப்பைக் கொண்டவை. இதனால் ஈஸ்ட்டின் இணைசேர்தலும் பாலூட்டியின் துணைப்பற்றும் ஒரே நடத்தையின் இரண்டு வடிவங்கள் என்று ஆகிவிடாது. ஏற்பி ஒரு கதவு மட்டுமே. அது எந்த அறைக்குள் திறக்கிறது என்பதை அந்தந்த உயிரியின் உடலைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற வட்டப்புழுவுக்கு 302 நரம்புச் செல்களே உண்டு. இதன் இயற்கை வகைகள் பலவற்றில் புழுக்கள் கும்பலாகச் சேர்ந்து உண்கின்றன. ஆய்வகங்கள் பயன்படுத்தும் தர வகையில் தனித்தனியே உண்கின்றன. 1998இல் மாரியோ டி போனோவும் கோரி பார்க்மனும், என்பிஆர்-1 என்ற ஏற்பியின் 215ஆவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் இந்த வேறுபாட்டைத் தருவதாகவும், தனித்துண்ணும் வகையின் மரபணுவைக் கும்பல் வகைக்குள் செலுத்தினால் அது தனித்துண்ணத் தொடங்குவதாகவும் காட்டினர். மீட்புச் சோதனை என்ற அளவில் குறையே சொல்ல முடியாத வேலை. உடனே ‘சமூக நடத்தை மரபணு’ என்ற பேச்சு பரவியது.

பின்னர் இரண்டு செய்திகள் வந்தன. கும்பல் வகைப் புழுக்கள் காற்றில் உள்ள 21 விழுக்காடு ஆக்சிஜனை விரும்பாமல் அதைவிடக் குறைந்த அளவுள்ள இடத்தை நாடுகின்றன என்றும், பாக்டீரியாத் திட்டின் தடித்த ஓரத்திலும் புழுக்கூட்டத்தின் நடுவிலும் ஆக்சிஜன் குறைவு என்றும் தெரிந்தது. ஒன்றையொன்று நாடியதாக நாம் கண்டதில் பெரும்பகுதி, ஆக்சிஜனிடமிருந்து விலகியதன் விளைவு. மற்றொன்று, தனித்துண்ணும் வடிவம் இயற்கையில் இருந்த வடிவமே அல்ல, ஆய்வகத் தட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டபோது எழுந்து நிலைபெற்ற சடுதிமாற்றம் என்று 2009இல் காட்டப்பட்டது. இயற்கையில் தனித்துண்பதால் என்ன பயன் என்று அதற்கு முன் எவ்வளவு அழகாகக் கேட்டிருந்தாலும், அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. மரபணுவைப் பற்றிய முடிவு எள்ளளவும் மாறாமல் நிற்க, நடத்தையைப் பற்றிய விளக்கம் முழுவதும் புரண்டுபோனது. ஆகவே செந்திட்டு அவர்களே, மரபணுவைச் செலுத்துவதற்கு முன்பாக, திரும்பி வரவேண்டிய நடத்தைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரை ஐயத்தோடு பாருங்கள். ‘சிவப்பு’ என்பது கண்ணால் காணும் ஒன்று. ‘சமூகத்தன்மை’ அப்படிக் காணக்கூடியதன்று, அது முன்கூட்டியே செய்துகொண்ட விளக்கம்.

தேனடை

இனம்விட்டு இனம் செய்யும் சோதனையைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நான் சொன்னது குறுகலாகிவிட்டது. ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஈஸ்ட்கூடம் குறிப்பிட்ட அதே பென்சர் பிற்காலத்தில் பழ ஈயின் நடத்தைக்கு மாறினார். அவரும் ரொனால்ட் கொனொப்காவும் 1971இல், நாளொழுங்கு மாறிய மூன்று வகை ஈக்களைக் கண்டறிந்தனர். ஒன்றின் நாள் 19 மணி நேரம், மற்றொன்றின் நாள் 28 மணி நேரம், மூன்றாவதில் ஒழுங்கே இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று இவ்வளவு மாறுபட்டிருந்தும், இணை இணையாகக் கலந்தபோது எந்த இணையிலும் இயல்பான 24 மணி நேர ஒழுங்கு திரும்பவில்லை. மூன்று பழுதுகளும் ஒரே மரபணுவில் என்று முடிவாயிற்று. அதுவே பீரியட் மரபணு. 1984இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள், அந்த டி.என்.ஏவை ஒழுங்கிழந்த ஈக்களுக்குள் செலுத்தி ஒழுங்கை மீட்டன. நிரப்புச் சோதனை நடத்தையியலில் மிகச் சிறப்பாகப் பயன்பட்ட இடம் இது என்பது என் கருத்து. காரணம், அளந்த பண்பு மணிக்கணக்காக எண்ணத்தக்கது, பெயரில் எந்த விளக்கமும் ஒளிந்திருக்கவில்லை.

ஈஸ்ட்கூடம்

மீட்பைப் பற்றியே பேசிவிட்டோம். இழப்பைப் பற்றியும் ஒரு சொல். ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததில், சத்துமிக்க ஊடகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவற்றை நீக்கினால் மட்டுமே செல் இறக்கிறது. ஆர்ஏஎஸ்1, ஆர்ஏஎஸ்2 ஆகிய இரண்டில் எதை நீக்கினாலும் செல் பிழைக்கிறது, இரண்டையும் நீக்கினால் மடிகிறது. ஒன்று இல்லாதபோது இன்னொன்று தாங்கிக்கொள்கிறது என்பதால், ஒன்றை நீக்கியும் பண்பு மாறவில்லை என்பதைக் கொண்டு அதற்கு அப்பண்பில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

துணையோடு நிலையாக வாழும் பிரெய்ரி வோல் எனும் எலியினத்தில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் ஏற்பியை மருந்தால் தடுத்தால் துணைப்பற்று உருவாவதில்லை என்று 1990களிலிருந்தே தெரியும். 2023இல், அந்த ஏற்பியின் மரபணுவையே கருநிலையில் நீக்கி வளர்த்த வோல்கள் துணைப்பற்றை உருவாக்கிக்கொண்டன. மருந்து, முழுமையாக வளர்ந்துவிட்ட மூளையில் ஒன்றைத் திடீரெனத் தடுக்கிறது. கருவிலிருந்தே இல்லாமல் வளரும் மூளையோ வேறு வழியில் தன்னை அமைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இதுவே உறுதியான விளக்கம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் டின்பெர்கனின் இரண்டாவது வினாவான வளர்ச்சியைக் கேட்காமல் முதல் வினாவின் இந்த முரணைத் தீர்க்க இயலாது என்பது எனக்குத் தெளிவு. 2004இல், துணைப்பற்று இல்லாத மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில், வாசோபிரசின் ஏற்பியின் மரபணுவை வைரஸ் மூலம் மிகுதியாக இயங்கச் செய்தபோது, அவை தம் துணையை நாடத் தொடங்கின. அங்கும் டோப்பமின் என்ற நரம்புச் செய்திப்பொருள் சார்ந்த பாதை அந்த எலியில் முன்பே இருந்தது. புதிதாக வந்தது ஓர் உறுப்பு. படிகள் மிகுந்த பிளாஸ்மிட்டைப் பற்றி நான் மேலே எழுதிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

செந்திட்டு

வாக்கியத்தை இவ்வாறு திருத்தியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: ‘போதிய உணவோடு வளர்க்கப்பட்டு, உணவுப் பரப்பின்மேல் விடப்பட்ட புழுக்களில், ரோவருக்கும் சிட்டருக்கும் இடையே நகரும் தூரத்தில் காணப்படும் வேறுபாட்டுக்கு ஃபொரேஜிங் மரபணுவில் உள்ள வேறுபாடு காரணமாகிறது, சிட்டரில் இம்மரபணுவை மிகுதியாக இயங்கச் செய்வது அவ்வேறுபாட்டை நீக்கப் போதுமானது. இது இயங்குமுறை பற்றிய விடை.’

தேனடை

நன்றாக வந்திருக்கிறது. ‘போதுமானது’ என்ற சொல்லுக்கு முன், மரபணு இல்லாத வெற்றுக் கடத்தியை (மரபணுவைச் சுமந்து செல்லும் டி.என்.ஏவை) மட்டும் செலுத்திய சிட்டர் புழுக்களோடும், மரபணுவைச் செலுத்திய ரோவர் புழுக்களோடும் ஒப்பிட்டால் என்ன கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். செலுத்தும் செயலே புழுவைக் கிளர்ச்சியுறச் செய்து அலையவிட்டிருக்கக் கூடாது என்பதையும், ஏற்கெனவே அலைபவை மேலும் அலைகின்றனவா என்பதையும் அந்த ஒப்பீடுகள்தாம் காட்டும். உங்கள் ஈஸ்ட் செய்முறைக் குறிப்பேட்டிலும் வெற்றுப் பிளாஸ்மிட் செலுத்திய தட்டு ஒன்று இருந்திருக்கும். அந்தப் படத்தையும் கருத்தரங்கில் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.